காரணம் அறியாத பரிகாரம்

பழைய நெகடிவ்களை ஸ்கேனர் வழியாகக் கணிப்பொறியில் ஏற்றிப் பாதுகாக்கும் நற்காரியம் இன்று வீடுகளிலும் ஸ்டூடியோக்களிலும் நூலகங்களிலும் நடந்து வருகிறது. ஆயினும், ஏற்றிய படத்தில் ஒரு கோடோ கறையோ தென்பட்டவுடன், அது எங்கே பிறந்தது என்று ஆராயாமல் மென்பொருளால் பூசி மறைத்துவிடும் வழக்கம், நம் ஞாபகச் செல்வத்துக்கு நாமே இழைக்கும் அநீதி என்பது என் திடமான அபிப்பிராயம்.

தோஷம் குடியிருக்கக்கூடிய இடங்கள் ஃபிலிம், ஸ்கேனர், கணிப்பொறி என மூன்று. படத்தில் ஓடும் ஒரு நேர்க்கோடு, காமிராவுக்குள் இழுபட்டபோது ஃபிலிமில் விழுந்த கீறலாகவும் இருக்கலாம், ஸ்கேனரின் ஒளிப்பாதையில் ஒட்டிய தூசியின் விளைவாகவும் இருக்கலாம். ஃபிலிமைத் தலைமாற்றி வைத்து மறுபடி ஸ்கேன் செய்யும்போது, கோடு ஃபிலிமோடு இடம் மாறினால் குற்றம் ஃபிலிமுடையது என்றும், எந்தப் படத்தை வைத்தாலும் அதே இடத்தில் நின்றால் ஸ்கேனருடையது என்றும் விளங்கிவிடும்.

கணிப்பொறியின் குற்றமோ வேறு சுபாவம் உடையது. அங்குலத்துக்கு 4000 புள்ளி, நிறம் ஒன்றுக்கு 16 பிட் என்ற கணக்கில் 35 மி.மீ. ஃபிலிமின் ஒரே படம் ஏறத்தாழ 128 மெகாபைட் ஆகிறபடியால், அத்தனை தரவும் கடந்துவரும் கேபிளிலோ நினைவகத்திலோ சிறு பழுது இருந்தாலும் படத்தின் ஒரு பகுதி பெயர்ந்தும் நிறம் திரிந்தும் போகக்கூடும். ஒரே படத்தை இருமுறை ஸ்கேன் செய்து, பழுது ஒவ்வொரு தடவையும் வேறிடத்தில் தோன்றினால், சந்தேகம் இந்தப் பக்கமே திரும்ப வேண்டும். அப்போது கேபிள், இணைப்புத் துளை, நினைவகம் என்று ஒவ்வொன்றாகவே மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், பழுது தீர்ந்தாலும் காரணம் புலப்படாது.

காரணமறியாத பரிகாரம் சில சமயம் புதிய தோஷத்தையே உண்டாக்கும். அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டறிந்து நீக்கும் வசதி சாதாரண வண்ண நெகடிவ்களுக்குப் பெரும் உபகாரம். ஆனால் மரபான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உருவத்தைத் தாங்கும் வெள்ளியும் அந்த ஒளியைத் தடுப்பதால், மென்பொருள் உருவத்தையே தூசி என்று மயங்கிச் சிதைத்துவிடுகிறது.

ஆகவே, இப்பணியில் ஈடுபட்டோர் அனைவரையும் வேண்டிக்கொள்கிறேன்: முதலில் காரணத்தை நிச்சயம் செய்யுங்கள், திருத்தப்படாத ஸ்கேன் பிரதி ஒன்றைத் தனியே பத்திரப்படுத்துங்கள், ஸ்கேன் செய்தாயிற்றே என்று நெகடிவ்களை ஒருபோதும் எறிந்துவிடாதீர்கள்.