குச்சி சொல்லும் கணக்கு

திருவாலங்காட்டை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வாசகச் சகோதரர் ஒருவர் எழுதுகிறார்: "கரும்பு வரிசைகளுக்கிடையே உழுவதற்கென்று பழைய சிறிய டிராக்டர் ஒன்றை வாங்கினோம். காலையில் குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டைத் தொடுகிறது. மாலையில் கழனியோரம் பார்த்தாலோ கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது. வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. எந்த அளவை நம்புவது?"

அன்பு வாசகர்களே! 1905-இல் கிடைத்த இராசேந்திர சோழன் செப்பேடுகளால் வரலாற்றாசிரியர்கள் நன்கறிந்த ஊர் திருவாலங்காடு. உழவர்களுக்கோ அது திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்துள்ள ஊர். ஆலையின் அரவைப் பருவத்தில் டிராக்டர் ஒருநாள் நின்றாலும் நட்டம் வீட்டுக்குத்தான். ஆயில் குறைந்து பேரிங் உருகிவிட்டால் ஒருநாளோடு போகாது. கிராங்க் ஷாஃப்டைக் கழற்றிக் கடைசலுக்கு அனுப்பவேண்டி வரும். ஆதலால் சகோதரரின் கேள்வி சிறியதன்று.

அவர் பார்த்த இரண்டு அளவுகளுமே குச்சியில் உள்ளவைதாம். ஆனால் மாலையில் பார்த்தது என்ஜினை நிறுத்திய உடனே, அதுவும் வரப்போரச் சரிவில். ஓடும் என்ஜினில் ஆயிலின் ஒரு பகுதி மேலே வால்வுகளிலும் துளைவழிகளிலும் ஃபில்டரிலும் சுற்றிக்கொண்டிருக்கும். அது அடிச்சட்டிக்கு வடிந்து சேரப் பத்து, பதினைந்து நிமிடங்களாவது வேண்டும். அவசரப்பட்டுப் பார்ப்பவர் குறைவாகக் கண்டு மேலும் ஊற்றுவார். மறுநாள் அது அளவுக்கு மிஞ்சி நிற்கும். மிஞ்சிய ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும். நுரை பேரிங்கைக் காக்காது. சீல்கள் வழியே கசியும், நீலப்புகையும் வரும். குறைவு கெடுதல் என்பதை எல்லோரும் அறிவர். மிகுதியும் கெடுதல் என்பதை நம்மவர் ஏனோ நம்புவதில்லை!

எனவே சுபுஹு தொழுது வந்ததும், சாவியைத் தொடுமுன் பார்ப்பதே உத்தமம். இரவெல்லாம் ஆயில் வடிந்து அடங்கியிருக்கும். குச்சியை உருவி, நூல் உதிராத பழைய கைலித் துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே செலுத்தி, மீண்டும் உருவிப் படியுங்கள். துடைக்காமல் முதலில் கண்டது கணக்கில் சேராது. குச்சியின் இரு பக்கங்களிலும் அளவு வேறுபட்டால் குறைந்த பக்கத்தையே கொள்ளுங்கள். குழாய்ச் சுவரில் உரசிய பக்கம் உயர்த்திக் காட்டும். புதிய ஆயில் தேன்நிறத்தில் இருப்பதால் விளிம்பு எளிதில் தெரியாது. குச்சியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சில டிராக்டர்களில் குச்சியின் தலையில் மரை இருக்கும். அதை முறுக்கி இறக்கிப் பார்ப்பதா, முறுக்காமல் துளைவாயில் அமர்த்திப் பார்ப்பதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதற்குக் கையேடே தீர்ப்பு.

இனி, தரை. நெற்களம் சமதளம் என்று எண்ணி அங்கே நிறுத்துகிறோம். மழைநீர் வடியட்டும் என்று கொத்தனார் அதை ஒரு பக்கம் சாய்த்தே போட்டிருப்பார்! டிராக்டரை நிறுத்தி அளவைப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் முகத்தைத் திருப்பி நிறுத்தி, ஆயில் வடியவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டும் ஒத்தால் தரை சமம். ஒவ்வாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் உள்ளதே உண்மை அளவு. ஆனால் பின்சக்கரங்களில் ஒன்று புதிய டயர், மற்றொன்று தேய்ந்தது என்றால் சாய்வு வண்டியிலேயே உள்ளது. திருப்பி நிறுத்துவதால் அது தீராது. தேய்ந்த பக்கத்துச் சக்கரத்தின் கீழ் பலகை கொடுத்து, அச்சை ரசமட்டத்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் ஐயம் ஒன்று மிஞ்சும்: அந்தக் குச்சி அந்த என்ஜினுக்குரியதுதானா? பழைய டிராக்டர் பல கை மாறி வருவது. 1959-இல் ஃபரிதாபாத்தில் முதல் டிராக்டரை வெளியிட்ட ஐஷரின் டிராக்டர் தொழில் 2005-இல் டாஃபே வசம் சென்றது. எச்.எம்.டி.யின் டிராக்டர் பிரிவை மூடுவதென மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது. பழைய வண்டிக்கு உரிய உதிரி கிடைக்காதபோது, கிடைத்த குச்சியை வெட்டிச் செருகிவிடுவோர் உண்டு. அப்படிப்பட்ட குச்சியின் கோடு யாருக்கோ உரிய கோடு. இதைக் கண்டறிய ஒரே நேர்வழி, அடுத்த முறை ஆயில் மாற்றும்போது அளந்து ஊற்றுவதுதான். பழைய ஆயிலைச் சூடாக இருக்கும்போதே முழுவதும் வடித்துவிடுங்கள். ஃபில்டரையும் மாற்றி, கையேட்டில் ஃபில்டருடன் சேர்த்துக் கூறப்பட்ட லிட்டரை அளவுப் பாத்திரத்தால் அளந்து ஊற்றுங்கள். சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்தி, சமதளத்தில் வடியவிட்டுப் பாருங்கள். ஆயில் நிற்கும் இடமே உங்கள் மேல்கோடு. பழைய கோடு பொருந்தாவிடில் அரத்தால் அங்கே மெல்லிய கீறல் போட்டுக்கொள்ளுங்கள். கீறிய பிசிறைத் துடைக்காமல் உள்ளே விடாதீர்கள்.

ஊற்றாமலே அளவு ஏறுகிறதா? குறைவதைக் காட்டிலும் இதற்கே அதிகம் அஞ்சவேண்டும். குச்சியை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வந்து, விரலில் ஆயில் நீர்போல் ஓடினால் ஃபீட் பம்பிலோ இன்ஜெக்ஷன் பம்ப் சீலிலோ கசிவு இருக்கலாம். பாலூற்றிய தேநீர் நிறம் என்றால் தண்ணீர் கலந்துள்ளது. ரேடியேட்டர் உள்ள மிட்சுபிஷி சக்தி போன்றவற்றில் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். காற்றால் குளிரும் பழைய ஐஷரில் ரேடியேட்டரே கிடையாது; அங்கே மூடாத புகைக்குழாய் வழியே மழைநீர் இறங்கியதா என்று பாருங்கள். குழாயின் மேல் தகரக் குவளையைக் கவிழ்க்கும் பெரியவர்களைப் பார்த்துச் சிரிப்போருண்டு. செலவில்லாத நல்ல காப்பு அது. இவ்விரு நிலையிலும் காரணத்தைச் சரிசெய்து ஆயிலை மாற்றும்வரை வண்டியைக் கிளப்பக்கூடாது.

பின்பக்க ஆயிலுக்கு வேறு முறை. பல டிராக்டர்களில் கியர்பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். கலப்பையைத் தூக்கி நிறுத்தியபடி பார்த்தால், ஆயிலில் ஒரு பங்கு லிஃப்ட் சிலிண்டருக்குள் நிற்கும். குச்சி குறைத்துக் காட்டும். ஆகவே கலப்பையைத் தரையில் இறக்கிவிட்டுப் பார்க்கவேண்டும்.

சகோதரருக்கு: இன்று ஊற்றவேண்டாம். மூன்று நாள் காலையில், ஒரே இடத்தில் பார்த்து, தேதியுடன் குறித்துவையுங்கள். தாங்கள் வெளியூர் சென்றிருந்தால் வீட்டிலுள்ளோரே பார்க்கலாம். குச்சியைப் படிக்க மெக்கானிக் தேவையில்லை. அளவு இரு கோடுகளுக்கிடையே அசையாமல் நின்றால் வண்டியை ஓட்டுங்கள். நாள்தோறும் இறங்கினால் மட்டும், இரவில் என்ஜினடியில் ஓர் அட்டையை விரித்து வைத்து, காலையில் சொட்டு எங்கே விழுந்துள்ளது என்று பார்த்து எழுதுங்கள்.