எடைக்குப் போகும் லேத்துகள்

நாட்டின் பல பொறியியல் கல்லூரிப் பணிமனைகளில் ஒரே சடங்கு திரும்பத் திரும்ப நடக்கிறது. குழு கூடுகிறது, பழைய லேத்துகள் 'பயனற்றவை' எனக் கோப்பில் பதிவாகின்றன, பின்னர் எடைபோட்டு விற்கப்படுகின்றன. படுகையின்மீது ஒரு ரசமட்டத்தை வைத்துப் பார்த்தீர்களா என்ற கேள்வி மட்டும் அந்தக் கூட்டத்தில் எழுவதில்லை.

அந்தக் கேள்வி முதன்மையானது. லேத்தின் கால்கள் சமமாக ஊன்றப்படாவிட்டால் படுகை முறுகும்; கடையப்படும் தண்டின் விட்டம் ஒரு முனையில் ஒன்றாகவும் மறுமுனையில் வேறாகவும் அமையும். மீட்டருக்கு 0.02 மி.மீ. வேறுபாட்டைக் காட்டும் மட்டத்தைக் கொண்டு திருத்த வேண்டிய பிழை அது. அந்தப் பிழைக்காக இயந்திரத்தையே பழிப்பது, செருப்பு கடிக்கிறது என்று காலை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

உண்மையான தேய்மானமும் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி முதுமையால் வந்ததன்று. படுகையே அரங்களும் ஸ்பானர்களும் வைக்கும் மேசையாகிறது. எமரி தாளிலிருந்து உதிரும் துகள்கள் துடைக்கப்படாமல் சறுக்குத் தளத்தில் தங்கி அதை அரைக்கின்றன. காற்றழுத்தத்தால் சுத்தம் செய்வதாக எண்ணி நுண்சீவல்களைக் கேரியேஜின் அடியில் செலுத்துகிறார்கள். மரை வெட்டுவதற்கென அமைந்த லீட் ஸ்க்ரூவைச் சாதாரணக் கடைசலுக்கும் ஓட்டி அரைநட்டைத் தேய்க்கிறார்கள். எண்ணெய்க் குவளை மட்டும் ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடக்கிறது.

கணக்கேடும் இந்த அலட்சியத்திற்குத் துணைபோகிறது. ஆண்டுக்கு 15 விழுக்காடு வீதம் குறைந்துவரும் மதிப்பில் தேய்மானம் கழித்தால், 20 ஆண்டுகளில் ஏட்டு மதிப்பு ஏறத்தாழ 4 விழுக்காடாகச் சுருங்கும். வார்ப்பிரும்புக்கு அந்த ஏடு தெரியாது. அதன் உள்ளிருக்கும் கிராஃபைட் அதிர்வை இன்றும் உள்வாங்குகிறது. தேய்ந்த படுகையை மீண்டும் அரைத்தோ, பிரஷ்யன் நீலம் தடவி மேடுகளைக் கண்டு கையால் சுரண்டியோ சீராக்கலாம். அரிதாகிவருவது அதைச் செய்யத் தெரிந்த கைகளே. அந்தக் கைகள் ஓய்வுபெற்றதும் அவர்களுடைய பணியிடங்களும் பல இடங்களில் காலியாகவே விடப்படுகின்றன.

சி.என்.சி. காலத்தில் இவை எதற்கு என்பர். சி.என்.சி. தேவைதான். ஆனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கும் மாணவர், வெட்டு ஆழம் கூடும்போது உளி அதிர்வதையும் சீவலின் நிறம் மாறுவதையும் கையாலும் கண்ணாலும் அறிவதில்லை. அந்த அறிவு இல்லாமல் அவர் எழுதும் நிரலில் வேகமும் ஊட்டமும் வெறும் எண்களாகவே இருக்கும். பாதுகாப்பைக் காரணம் காட்டுவோர் முதலில் சக்குக்கு ஒரு மறைப்பையும் எட்டும் தூரத்தில் ஒரு நிறுத்துப் பொத்தானையும் பொருத்தட்டும்.

1941-இல் ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கரும், 1953-இல் சுவிஸ் நாட்டு ஓர்லிகான் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் பெங்களூரில் எச்.எம்.டி.யும் தோன்றியதற்குப் பின்னால் ஒரு தெளிவு இருந்தது: இயந்திரத்தை ஆக்கும் இயந்திரம் இல்லாத நாடு எல்லாவற்றுக்கும் பிறரை நம்பி நிற்கும். அத்தகைய இயந்திரங்களைப் பேணத் தெரியாதவர்களுக்குப் பொறியாளர் பட்டம் வழங்கும் கல்லூரி அந்தத் தெளிவையும் சேர்த்தே எடைக்குப் போடுகிறது.

அளவீட்டு அறிக்கை இல்லாமல் எந்த லேத்தும் கழிக்கப்படக் கூடாது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் பராமரிப்பு ஏடு வேண்டும். படுகையைத் துடைத்து எண்ணெயிடுவது செய்முறைத் தேர்வில் மதிப்பெண் பெறும் பணியாக வேண்டும். திருத்த முடியாதது என்று அளவீடு காட்டினால் மட்டும், அது தராசுக்குப் போகட்டும்.