எழுத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளைகளை உருவாக்குவது யார்?



மூன்று வயது நிறைந்ததும் பிள்ளையின் பிஞ்சு விரல்களுக்கிடையே பென்சிலைத் திணித்து, ஒரே எழுத்தைப் பக்கம் முழுக்க எழுத வைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. பிள்ளை அழுகிறது, நாம் அதட்டுகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சுட்டிக்காட்டி இகழ்கிறோம். இவ்வாறு ஐந்து வயதிற்குள், புத்தகத்தைக் கண்டாலே முகம் சுருங்கும் ஒரு பிள்ளையை உருவாக்கிவிடுகிறோம். பின்னர் அதற்குப் பத்து வயதாகும்போது, "இவனுக்கு வாசிப்பில் நாட்டமே இல்லை" என்று புலம்புகிறோம். நாட்டம் இல்லாமற் பிறந்த பிள்ளை எது? அதை நசுக்கியவர்கள் நாமல்லவா?

நம் பிள்ளைகள் சுமப்பது ஒரு மொழியின் எழுத்தை மட்டுமன்று. காலையில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், பகலில் தமிழ், மாலையில் மக்தபில் அரபியின் 28 எழுத்துகள். இரண்டு மொழிகளை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்; மூன்றாவதை வலமிருந்து இடமாக ஓத வேண்டும். தமிழில் 247 எழுத்துகள் என்று சொல்லி மிரட்டுகிறோம். அவற்றுள் 216 உயிர்மெய்கள் என்பதையும், அவை 18 மெய்களோடு 12 உயிர்கள் சேர்ந்து பிறப்பவை என்பதையும், அந்தச் சேர்க்கையின் முறை பிடிபட்டால் பெரும்பகுதி தானே கைவசப்படும் என்பதையும் சொல்வதில்லை. இத்தனை சுமையைத் தூக்கும் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் துணை பிரம்பும் கடிந்துரையும்தாமா?

"நாங்களும் அடி வாங்கித்தானே படித்தோம்?" என்று கேட்போர் உளர். அடி வாங்கியும் படித்தவர்கள் இன்று பேசுகிறார்கள். அடிக்கு அஞ்சிப் பள்ளியையும் மக்தபையும் விட்டு ஓடியவர்களின் குரல் நம் அவைகளில் ஒலிப்பதில்லை. ஆகவே அந்தக் கணக்கு நமக்குத் தெரிவதில்லை. பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. பள்ளியில் குற்றமாகும் ஒன்று வீட்டுக் கூடத்தில் மட்டும் வளர்ப்பு முறை ஆகிவிடுமா?

"கல்வி விளையாட்டன்று, மார்க்கக் கல்வி அறவே விளையாட்டன்று" என்று சொல்வோரும் உண்டு. கல்வி உயர்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. வஹீயின் முதற்சொல்லே ஓதும்படி ஏவிய சமுதாயம் நாம். ஆனால் அந்த வஹீயைப் பெற்ற நபி (ஸல்) அவர்கள் பிள்ளைகளிடம் எவ்வாறு நடந்துகொண்டார்கள்? அபூ உமைர் என்னும் சிறுவனிடம், அவன் விளையாடி மகிழ்ந்த 'நுகைர்' என்ற சிறு குருவியைப் பற்றி, அவன் பெயரோடு ஓசை இயையும்படி வேடிக்கையாக விசாரித்தார்கள். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை ஒருமுறைகூட 'சீ' என்று கடிந்ததில்லை. இவை ஸஹீஹான ஹதீஸ்கள். கண்ணியமும் கனிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தக் குருவிப் பேச்சில் இன்னொன்றும் இருக்கிறது. சொற்களின் ஓசை ஒற்றுமையைக் காதால் உணர்வதுதான் வாசிப்பின் முதற்படி. 'பட்டம், வட்டம், கட்டம்' என்று ஓசை கோத்து விளையாடும் பிள்ளை, சொல்லுக்குள் ஒலிகள் இருக்கின்றன என்பதை உணர்ந்துகொள்கிறது. ஒலியை அறிந்த பின்னரே அதற்குரிய வடிவம் கண்ணில் நிலைக்கும். எழுதுவது அதற்கும் பின்னே வர வேண்டியது. நாமோ தலைகீழாகத் தொடங்குகிறோம்.

விளையாட்டு என்றவுடன் செலவை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஒரு தட்டில் ரவையைப் பரப்புங்கள். பிள்ளை விரலால் எழுதட்டும், அழிக்கட்டும், மீண்டும் எழுதட்டும். மரியா மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி, பிள்ளைகளைத் தடவ வைத்துக் கற்பித்ததும் இதே அடிப்படையில்தான். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். நம் ஊருக்கே வந்து சேர்ந்த முறை நம் வீட்டுக்குள் மட்டும் நுழையவில்லை.

முற்றத்தில் பாண்டிக் கட்டம் வரைந்து, கட்டத்திற்கு ஓர் எழுத்து எழுதுங்கள். குதிக்கும் கட்டத்தின் எழுத்தை உரக்கச் சொன்னால்தான் அடுத்த கட்டம். பழைய அட்டையில் பெரிதும் சிறிதுமாக இரு வட்டங்கள் வெட்டி, ஒன்றில் மெய்களையும் மற்றதில் உயிர்களையும் எழுதி நடுவில் ஆணி பொருத்துங்கள். 'க்' உடன் 'ஆ' நேர்ந்தால் 'கா', 'ஈ' நேர்ந்தால் 'கீ' என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். அரபியில் 'பா', 'தா', 'ஸா' மூன்றும் ஒரே படகு வடிவம், புள்ளிகளே வேறு. படகை வரைந்து கொடுத்து, புளியங்கொட்டைகளைப் புள்ளிகளாக வைக்கச் சொல்லுங்கள். கீழே ஒன்று, மேலே இரண்டு, மேலே மூன்று. பல நாள் அதட்டியும் பதியாத வேறுபாடு, விளையாட்டில் எளிதாகப் பதியும்.

'தலையணைக்கு அடியில் பார்' என்று ஒரு சீட்டு. அங்கே 'அரிசிப் பானை அருகில் பார்' என்று இன்னொன்று. முடிவில் ஒரு பேரீச்சம்பழம். கடைக்குப் போகையில் 'சீனி, பருப்பு, எண்ணெய்' என்று எழுதிய பட்டியலைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உம்மம்மா கதை சொல்ல, உம்மா அதை இரண்டு வரியில் எழுத, பிள்ளை படம் வரையட்டும். தான் பிறந்த வீட்டின் கதையே அதன் முதற்புத்தகமாகும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்துவிட்டு, "விளையாட்டாகக் கற்கிறான்" என்று நம் கடமையை முடித்துக்கொள்வது இன்னொரு வகை ஏமாற்று. திரை எழுத்தைக் காட்டும். பிள்ளை குழறும்போது அதன் முகம் பார்த்துக் காத்திருக்காது. நாம் பேசும் விளையாட்டின் உயிர் பெற்றோரின் அருகாமையில் இருக்கிறது. நேரமில்லை என்று சொல்லும் வாப்பாக்கள், இஷாவுக்குப் பின் கைப்பேசிக்குத் தரும் நேரத்தில் கால் மணியைப் பிள்ளைக்குத் தர முடியாதா? கடல் கடந்து உழைப்போர்கூட, காணொலி அழைப்பில் "இன்று 'ம'வில் தொடங்கும் எத்தனை பொருள் கண்டாய்?" என்று கேட்கலாமே!

தமிழை அரபு எழுத்தில் எழுதி 'அரபுத்தமிழ்' என்னும் மரபையே வளர்த்தவர்கள் நம் முன்னோர். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காத பெண்களும் அதன்வழியே வீட்டிலிருந்தபடி மார்க்க நூல்களைப் படித்தார்கள். அத்தகைய சமுதாயத்தின் பிள்ளைகள், குர்ஆனின் தமிழாக்கத்தைக் கையில் கொடுத்தால் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க இயலாமல் நிற்பது நமக்கு இழுக்கு. மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குக் கணக்கும் அறிவியலும் சேர்ந்தே எட்டாமற் போகின்றன. ஏனெனில் அவையும் எழுத்தின் வழியேதான் வருகின்றன.

ஆகவே பெற்றோர்களே, மக்தப் நிர்வாகிகளே, உஸ்தாதுமார்களே! பிரம்பை எடுத்து அப்புறப்படுத்துங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் தரும் பள்ளியிடம் காரணம் கேளுங்கள். பிள்ளையோடு தரையில் அமருங்கள். எழுத்தை நேசிக்கும் தலைமுறையை அல்லாஹ் நமக்கு வழங்குவானாக! ஆமீன்.