அவர்கள் சாகாமல் இருப்பதில் நமக்கு என்ன எரிச்சல்?

"சாதி ஒழிப்பு பற்றி ஆய்வு செய்கிறீர்கள், ஓய்வில் பள்ளிப் பிள்ளைகளின் காதல் கதையா படிக்கிறீர்கள்?" இதைக் கேட்பது எதிரிகள் அல்ல, நம் தோழர்கள். கதையின் நாயகி பால்புதுமையர் என்று தெரிந்தால் ஒரு நமட்டுச் சிரிப்பும் சேர்ந்துகொள்ளும். மேற்கத்திய இறக்குமதி, மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு, சுபம் போட்டு முடியும் மிட்டாய் என்று மூன்று பட்டங்கள் தயாராக இருக்கின்றன.

ஆமாம் தோழர், ரசித்துத்தான் படிக்கிறேன். அந்த 'சுபம்' எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

அமெரிக்க இளையோர் இலக்கியத்தில் தன்பால் ஈர்ப்பைப் பேசிய முதல் நாவலாகச் சொல்லப்படுவது 1969இல் ஜான் டோனோவன் எழுதியது. அதில் இரண்டு சிறுவர்கள் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். பிறகு ஒருவனின் நாய் காரில் அடிபட்டுச் சாகிறது. தனக்குக் கிடைத்த தண்டனை அது என்று அவன் நம்புகிறான். அடுத்து வந்த பல கதைகளிலும் விபத்து, சாவு, பிரிவு. 1982இல் நான்சி கார்டன் 'ஆனி ஆன் மை மைண்ட்' நாவலில் இரண்டு பெண்களைச் சாகவிடாமல் சேர்த்துவைத்தார். 1993இல் கான்சஸ் சிட்டியில் அந்தப் புத்தகத்தை எரித்தார்கள். பக்கத்து ஓலாத்தேவில் பள்ளி நூலகங்களிலிருந்து தூக்கினார்கள். மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 1995இல் நீதிமன்றம் அதைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொன்னது.

ஒரு நல்ல முடிவு இவ்வளவு பேரை ஏன் ஆத்திரப்படுத்துகிறது என்பது நமக்குத் தெரியாதா? 2013இல் இளவரசனின் உடல் தண்டவாளத்தின் அருகே கிடந்தது. 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் நடுச்சாலையில் வெட்டினார்கள். காதல் எப்படி முடியவேண்டும் என்பதைச் சாதி தீர்மானிக்கிற ஊர் இது. அகமணத்தில்தான் சாதியின் உயிர் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916இலேயே விளக்கினார். தோழியோடு வாழப்போகிறேன் என்று சொல்லும் மகளுக்கு அவசர அவசரமாக "நம்ம ஆளுங்க"ளில் மாப்பிள்ளை பார்க்கிற வீடு எதைக் காப்பாற்றப் பார்க்கிறது? இதில் இறக்குமதி எங்கே இருக்கிறது?

மேட்டுக்குடிப் புகாரில் பாதி நியாயம் உண்டு. வசதியான வெள்ளை வீட்டுப் பிள்ளைக்கு உலகத்திலேயே ஒரே பிரச்சினை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் என்பதுபோல எழுதிய நாவல்கள் ஏராளம். மலிண்டா லோவின் 'லாஸ்ட் நைட் அட் த டெலிகிராப் கிளப்' அப்படிப்பட்டதல்ல. 1954, சான் பிரான்சிஸ்கோ, சைனாடவுன். பதினேழு வயது லில்லி இன்னொரு பெண்ணைக் காதலிக்கிறாள். அதே வீட்டில், கம்யூனிஸ்ட் வேட்டையில் அப்பாவை நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயமும் குடியிருக்கிறது. இனத்தையும் அரசையும் வாசலில் நிறுத்திவிட்டுக் காதலை மட்டும் உள்ளே அழைக்க லோ ஒப்பவில்லை. 2021இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது அதற்குக் கிடைத்தது. "காதலுக்குச் சாதியில்லை" என்று வானவில் கொடி பிடிக்கும் நம் ஊர் மேடைகள் முதலில் இதைப் படிக்கட்டும்.

நம் பக்கம் இன்னொரு நோய் இருக்கிறது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' தன்வரலாறு தமிழில் ஒரு பெரிய திறப்பு. அதைக் கொண்டாடிய நாம், அதோடு ஒரு விதியையும் போட்டுக்கொண்டோம். ஒடுக்கப்பட்டவர் எழுத வந்தால் காயத்தைக் காட்டவேண்டும், கண்ணீரோடு சாட்சி சொல்லவேண்டும், அப்போதுதான் கைதட்டுவோம். அவர்கள் சிரித்தால், காதலித்தால், பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டால் அது 'அரசியலற்ற எழுத்து' ஆகிவிடும். வலிக்கு மட்டும் மதிப்பெண் போடும் இந்த வாசிப்பில் எனக்கு உடன்பாடில்லை.

சேரியில் வளரும் பதினாறு வயதுப் பெண், வகுப்புத் தோழியைக் காதலிக்கிறாள். பிளஸ் டூ தேறுகிறாள். கடைசிப் பக்கத்தில் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். இந்த நாவலைத் தமிழில் எழுத ஆள் இருக்கிறது. நம் பதிப்பகங்கள் கேட்டு வாங்கட்டும். அதுவரை, அடுத்த மாத வாசிப்பு வட்டத்தில் அம்பேத்கரின் கட்டுரையோடு லில்லியின் கதையையும் சேருங்கள். படித்துவிட்டு அப்போதும் சிரிப்பு வந்தால், உட்கார்ந்து பேசுவோம்.