பெண் குட்டி என்றால் வேண்டாமா?

"நாய்க்குட்டி இருக்கு, வளர்க்கிறீங்களா?" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "ஆணா, பெண்ணா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பெண் என்றால் பலர் பின்வாங்கிவிடுவார்கள். சந்தைக்குப் பின்னால் யாரோ பெட்டியில் வைத்துவிட்டுப் போகும் குட்டிகளில் கடைசிவரை மிஞ்சுவதும் அவைதான்.

அந்தப் பயம் புரிகிறது. பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். கருவுற்றால் சுமார் 63 நாள்களில் வீடு நிறையக் குட்டிகள். ஆனால் அதற்குத் தீர்வு பெண் குட்டியை ஒதுக்குவதல்ல. கருத்தடை அறுவை சிகிச்சை.

வானொலியில் இதைப் பேசினால், "பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே" என்பார்கள் நேயர்கள். குட்டி போடுவதால் நாயின் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. மாறாக, அறுவை சிகிச்சை செய்யாத பெட்டை நாய்க்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் அதிகம். பருவம் முடிந்த ஓரிரு மாதங்களில் இது வரும். சாப்பிடாது, தண்ணீரை மட்டும் அதிகமாகக் குடிக்கும், சோர்ந்து படுத்துவிடும். சீழ் வெளியே கசியாவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். பெரும்பாலும் அப்போதும் அதே கருப்பையை அகற்றத்தான் வேண்டும். நோயுற்ற உடம்பில், அவசரமாக, பல மடங்கு செலவில்.

ஆண் நாய்க்கும் இந்தச் சிகிச்சை நல்லது. விரைப்புற்றுநோய் வராது, பெட்டையைத் தேடிச் சாலையில் ஓடி அடிபடுவதும் குறையும்.

கூடவே தடுப்பூசி. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை சில தவணைகள் போட வேண்டும். வெறிநாய்க்கடி நோய் பழங்கதை அல்ல. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017 முதல் சரவாக்கிலும் அது பரவியது. சரவாக்கில் மனித உயிர்களும் போயின. நாயின் இதயத்தில் வளரும் புழுவைப் பரப்புவது கொசு. நம் ஊரில் கொசுவுக்கு விடுமுறை கிடையாது என்பதால் அதற்கான தடுப்பு மருந்தையும் ஆண்டு முழுவதும் கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக் குட்டிக்கு ஆறு மாதம் நெருங்குகிறதா? இந்த வாரமே கால்நடை மருத்துவரை அழைத்து, அறுவை சிகிச்சையை எப்போது செய்யலாம், எவ்வளவு செலவாகும் என்று கேளுங்கள். இனத்தையும் எடையையும் பார்த்து அவர் நாள் குறித்துக் கொடுப்பார்.