அந்தப் பத்திரத்துல யார் பேரு மக்கா?

போன மாசம் நம்ம சீனியர் ஒருத்தர் பால்காய்ச்சு போட்டோவை ஸ்டேட்டஸ் வச்சிருந்தார். '26 வயசுல சொந்த வீடு!' ஹாஸ்டல் முழுக்க ஹார்ட்டா பறந்துச்சு. நானும் ஒண்ணு போட்டேன். அப்புறம் கால்குலேட்டரை எடுத்தேன், பழக்க தோஷம்.

50 லட்ச ரூபாய் வீடுன்னு வைங்க. பேங்க் அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 40 லட்சம் தரும். மிச்சம் 10 லட்சமும், பத்திரச் செலவு 9 சதவீதமும் நம்ம கையிலிருந்து போகணும். எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம்னா மாசத் தவணை சுமார் 34,700. நம்மில் பலருக்கு பிளேஸ்மென்ட்ல கிடைக்கிற மூன்றரை லட்சம் பேக்கேஜில் மாசச் சம்பளம் 30 ஆயிரத்தைக்கூடத் தொடாது. அப்போ வீடு வாங்கினது யாரு? அப்பாவோட கல்ஃப் சேமிப்பு, தாத்தாவோட தென்னந்தோப்பு, அம்மாவோட நகை.

சீனாவுலயும் இதே கதைதான். 1998-ல் அரசு வேலை பார்க்கிறவங்களுக்கு வீடு ஒதுக்குறதை நிறுத்தின பிறகு, நகரத்துப் பிள்ளைங்க வீட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாச்சு. அங்கே இதுக்கு 'ஆறு பர்ஸ்'னு பேரு. பையன் பக்கம் அப்பா அம்மா, ரெண்டு வழித் தாத்தா பாட்டி. பொண்ணு பக்கமும் அதே மாதிரி. மொத்தம் ஆறு பர்ஸ் திறந்தாத்தான் முன்பணம் சேரும். அதுல தப்பே இல்ல. பிரச்சினை, பத்திரம் பதியும்போது. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு பக்கத்துப் பெற்றோர் வாங்கி, தங்கள் பிள்ளை பேருல மட்டும் பதிஞ்ச வீடு அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான்னு 2011-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. சோபா, ஃப்ரிட்ஜ், டைல்ஸ்னு செலவழிச்ச மருமகள்கள் அப்பதான் பத்திரத்தை எடுத்துப் பார்த்தாங்க.

இப்போ எங்க வீட்டுக்கு வர்றேன். நாகர்கோவில்ல அஞ்சு சென்ட், 2009-ல் கட்டினது. காங்கிரீட் போடுற நேரத்துல பணம் முட்டிச்சு. அம்மாவோட நகையில தாலியும் ஒரு ஜோடி கம்மலும் தவிர எல்லாம் அடகுக்குப் போச்சு. பாதிதான் திரும்பி வந்தது. சட்டப்படி அது ஸ்திரீதனம், அம்மாவோட சொந்தச் சொத்து. ஆனா பத்திரத்துல அப்பா பேரு மட்டும். வீடு அண்ணனுக்கு, எனக்கு நகைன்னு எப்பவோ முடிவாயிடுச்சு. அந்த நகை இன்னொரு வீட்டுக் காங்கிரீட்டுக்குப் போகும்னு எனக்குத் தெரியாதா?

இந்த மண்ணுல இது புதுசு இல்ல. சொத்து மருமகனுக்குப் போய், மனைவியும் மக்களும் தெருவுல நின்ன கொடுமையைக் கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்'னு கிண்டலா எழுதினார். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த வழி மாறிச்சு. மாமா போய் அப்பா வந்தார், அவ்வளவுதான்.

வேலைக்குப் போகப்போற பொண்ணுங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நாளைக்குக் கல்யாணம் ஆனதும் 'ரெண்டு பேர் சம்பளம் காட்டினா லோன் கூடக் கிடைக்கும், நீயும் கையெழுத்துப் போடு'ம்பாங்க. லோன்ல இணை விண்ணப்பதாரரா இருந்தா கடன்ல பங்கு உண்டு, வீட்டுல பங்கு வராது. கிரயப் பத்திரத்துல பேரு இருக்கணும். பசங்களே, நீங்களா முன்வந்து சேர்த்தா யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்ல. தமிழ்நாட்டுல 2025 ஏப்ரல்ல இருந்து, 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேருல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல ஒரு சதவீதம் குறைவு வேற.

ஏற்கெனவே பதிஞ்ச வீட்டுக்கும் வழி இருக்கு. குடும்பத்துக்குள்ள செட்டில்மென்ட் எழுதினா முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40 ஆயிரம். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10 ஆயிரம். போன ஞாயிற்றுக்கிழமை இதை அப்பாகிட்ட சொல்லி, "அம்மா பேருல பாதி எழுதலாமே"ன்னு கேட்டேன். அண்ணன் போனை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டான். "இப்ப எதுக்குட்டீ அதெல்லாம்?"னு அடுக்களையில இருந்து அம்மாதான் முதல்ல சத்தம் போட்டாங்க. ஆனா மிக்சியை ஆஃப் பண்ணிட்டாங்க. அப்பா இன்னும் பதில் சொல்லல.