உழவர் சந்தையில எதுக்குங்க பேரம்?

தை பிறந்தாச்சு. உழவர் சந்தைப் பக்கம் போனா மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்குன்னு கண்ணைப் பறிக்குது. நிதானமா ரசிச்சு வாங்கலாம்னு நின்னா, பக்கத்துல ஒரு அங்கிள் "கிலோவுக்கு அஞ்சு ரூபாய் குறைச்சுப் போடும்மா"ன்னு ஆரம்பிச்சுட்டார். அந்தம்மா தலைக்கு மேலேயே விலைப்பலகை தொங்குது!

பி.காம். படிக்கிறவன் கணக்கு சொல்றேன், கேளுங்க. 1999 நவம்பர் 14 அன்னிக்கு மதுரையில முதல் உழவர் சந்தையைத் திறந்ததே தரகரை நடுவுல இருந்து தூக்கத்தான். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் இலவசம். அதனாலதான் தினமும் மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, வெளிக்கடை விலைக்குக் கொஞ்சம் கீழே வச்சு பலகையில எழுதுறாங்க. நமக்கு வரவேண்டிய தள்ளுபடி அதுலயே வந்தாச்சு. அதுக்கும் மேல குறைச்சா யார் பாக்கெட்ல இருந்து போகும்? விதைச்சு, தண்ணி பாய்ச்சி, விடியறதுக்கு முன்னாடி பஸ்ஸுல மூட்டை ஏத்திட்டு வந்தவங்க கூலியில இருந்துதான்.

இதுல பத்து மணிக்கு மேல வர்ற கூட்டம் தனி ரகம். வெயில் ஏறினா கீரை வாடும், திரும்பத் தூக்கிட்டுப் போக முடியாது, கேட்ட விலைக்குக் கொடுத்துதான் ஆகணும்னு தெரிஞ்சே வருவாங்க. இதுக்குப் பேரு சாமர்த்தியமாம்! அதே ஆளுங்க சூப்பர் மார்க்கெட்ல பிளாஸ்டிக் சுத்தின வெண்டைக்காய்க்கு பில்லைக்கூடப் பார்க்காம கார்டை நீட்டுவாங்க (நுனியை ஒடிச்சுப் பார்க்கறதெல்லாம் இங்க மட்டும்தான்).

அங்கிளுக்கு அஞ்சு ரூபாய் குறைஞ்சது. கிளம்பும்போது கொசுறா ஒரு கொத்து கறிவேப்பிலையும் கேட்டார். அந்தம்மா கொடுத்தாங்க.